பதில் விசில்

‘இத்தனை வருஷமா வேட்டைக்குப் போறீங்க, ஒரே துப்பாக்கிதானா?’ என்று பார்க்கிறவனெல்லாம் கேட்கிறான். ஒரு வாய்க்கு எத்தனை அகப்பை வேண்டும்? என்னுடையது நடுவில் மடியும் ஒற்றைக்குழல். வாலிபத்தில் லைசென்ஸ் எடுத்தது. இன்றும் தவறாமல் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புதுப்பிக்கிறேன். துப்பாக்கி இரும்பு அலமாரியில், தோட்டா வேறு அறையில். தோட்டத்தில் ஒரு சின்னக் காண், தண்ணீர் ஓடும் வாய்க்கால், தாண்டுவதானாலும் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை உருவிவிட்டுத்தான் தாண்டுவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்தவன் காலில் ஓட்டை விழாமல் இருந்தால் சரி.

எங்கள் ஊர் சிகாமட் பக்கம் புதுச் செம்பனை நட்டால் காட்டுப்பன்றி விடாது. குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். தோட்டக்காரர்களே கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் என்னோடு வருகிறவன் என் தங்கை புருஷன். அவனுக்கும் சொந்தத் துப்பாக்கி உண்டு. நாய்கள் ஒரு பக்கமிருந்து விரட்டும், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். சுடுவதற்கு முன் ஒருவன் விசில் அடிக்க வேண்டும், மற்றவன் பதில் விசில் கொடுக்க வேண்டும். பதில் வரும் திசையை விட்டுவிட்டுச் சுடலாம். பதிலே வராவிட்டால் எந்தத் திசையிலும் சுடக்கூடாது. தங்கைக்குக் கல்யாணமான வருஷம் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் இது. தங்கை புருஷனைச் சுட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாய்கள் குரைத்துக்கொண்டு வர, நல்ல கொழுத்த பன்றி ஒன்று நேராக என் முன்னால் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழும். விசில் அடித்தேன். பதில் இல்லை. மறுபடியும் அடித்தேன். ஊஹூம். வயிறெரிய, குழலைத் தாழ்த்தினேன். பன்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போவது போல ஆடி அசைந்து போயிற்று.

பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னாலிருந்த புதரை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வெளியே வந்தான்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் தங்கையின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

“அட பாவி! விசில் அடிச்சேனே, காதுல என்ன, ஈயமா?”

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “கேக்கல மச்சான். ரொம்ப நாளாவே கேக்கல. நாய் ஓடுறதைப் பார்த்து, இப்ப நீங்க அடிப்பீங்கன்னு கணக்குப் போட்டுத்தான் ஊதிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு நாயைக் காணோம். தேடிக்கிட்டு வந்துட்டேன்.”

“அலமாக்! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா?”

“சொன்னா விட்டுட்டுப் போயிருப்பீங்கல்ல.”

திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இந்த வயதில், நாய்களுக்கு முன்னால்.

மறுநாள் இருவருமாகப் போய் அவன் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தோம். காரில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, “ஞாயித்துக்கிழமை ரெடியா இருலா மாப்ளே,” என்று அவன் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். தங்கை காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் மாட்டிக்கொள்வான். நாய் குரைப்பதும் வெடிச் சத்தமும் அதில் தாங்க முடியவில்லை என்று தோட்டத்தில் கழற்றிவிடுகிறான்.

இப்போது ஒரே துப்பாக்கியோடு இரண்டு பேர் போகிறோம். அவன் எனக்குப் பின்னால், என் தோளில் கை வைத்தபடி வருகிறான். கனமான கை. சுடும் நேரத்தில் அது லேசாக அழுத்திவிடும், குறி தப்பிவிடும். போன மாதம்கூட ஒரு பன்றி அப்படித்தான் தப்பித்துப் போயிற்று. கையை எடு என்று நான் இதுவரை சொன்னதில்லை.