மூவருக்கும் ஒரே கடிதம்

என்னைப்போல் ஒரு விசரனை எங்கள் ஊர் அபிவிருத்திச் சங்கம் செயலாளராக்கியிருக்கக் கூடாது. மழைக்கு அம்புலன்ஸ் வராத எங்கள் ஒழுங்கைக்குத் தார் வீதி கேட்டு, தேர்தலுக்கு முன் மூன்று கட்சி வேட்பாளர்களுக்கும், "ஊர் வாக்கு முழுதும் உங்களுக்கே" என்று கடிதம் கொடுத்தேன். ஒரு மாவட்டத்துக்குப் பல ஆசனங்கள் என்பதால் மூவரும் வென்றார்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் மூவரும் அதே கடிதத்தை எடுத்து நீட்டினார்கள். மண்டபமே சிரித்தது. வீதி போச்சு என்றே நினைத்தேன்.

சங்கத் தலைவி வசந்தா அக்கா எழும்பினார். "வாக்கை விடுங்கோ. நாங்கள் வருத்தக்காரரைக் கதிரையிலை வைச்சு வெள்ளத்துக்காலை அம்புலன்ஸ் வரைக்கும் தூக்கிறம். வந்து பாருங்கோ!"

வந்தார்கள், வெள்ளத்தில் நடந்தார்கள், நிதி ஒதுக்கினார்கள். இன்று அம்புலன்ஸ் வாசல்வரை வருகிறது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் இப்போது விண்ணப்பங்களில் வாக்கைப் பற்றி மூச்சும் விடுவதில்லை.

"ஆனாலும் அக்கா, என்ரை கடிதத்தாலைதானே மூண்டு பேரும் எங்கடை ஊரை மறக்கேல்லை?" என்றேன்.

"தம்பி, உந்தப் பேனையை இஞ்சை தாரும்."