தாம்பாளத்தைப் பிடித்து ஓட்டிய பஸ்

என் சொந்தத் தோள்பட்டை விஷயத்தில் டாக்டரம்மாவை ஏமாற்ற ஒரு வாரம் ஒத்திகை பார்த்தவன் நான்.

இருபது வருஷமாகத் தனியார் பஸ் டிரைவர். அருப்புக்கோட்டையில் எடுத்தால் திருச்சுழி வழியாக வீரசோழன், திரும்ப அதே ரோடு. தூக்கம் வராமல் இருக்க வலது கன்னத்தில் பாக்குப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டே ஓட்டினேன். தூக்கம் வரவில்லை, புற்றுநோய் வந்தது. மதுரையில் கன்னத்தில் ஒரு பங்கையும் கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் வெட்டி எடுத்தார்கள். நோய் போய்விட்டது. வாய் பாதியானாலும் பேச்சு குறையவில்லை என்று வீட்டில் புகார். ஆனால் அந்த ஆபரேஷனில் தோளைத் தூக்கும் நரம்பு நொந்துபோனது. வலது கை தோள் உயரம் வரை வரும். அதற்கு மேல் கிளட்ச் போன வண்டி மாதிரிதான், உறுமும், ஏறாது.

பஸ் மொதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமைக்குள்ள ஓட்டலாம்னு லெட்டர் கொண்டாங்க. இல்லேன்னா இப்ப ஓட்டுறவனையே வச்சுக்கிருவேன்."

லெட்டர் தர வேண்டியவர், மதுரையில் பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா. அங்கே வரை அலைய வேண்டாம், சனிக்கிழமை போனில் வீடியோவிலேயே கையைப் பார்த்துவிடுகிறேன் என்றார். வீடியோ என்றதும் எனக்குள் இருந்த திருட்டுப் பூனை எழுந்து உட்கார்ந்தது.

"இந்தா, நான் கையத் தூக்கும்போது நீ போன மெதுவா சாய்ச்சிரு. கை வானத்தப் பாத்து நிக்கும்" என்றேன் மனைவியிடம்.

"அப்ப நீங்களும் சேந்து சாஞ்சிற மாட்டீகளா?"

"அவுக என் கையத்தான பாப்பாக. என்னையவா பாக்கப் போறாக?"

சனிக்கிழமை காலை, பரளச்சி வீட்டின் முன்னறையில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். கழுத்துத் தழும்பு வியர்வையில் அரித்தது. மனைவி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டாக்டரம்மா முதலில் இடது கையைத் தூக்கச் சொன்னார், ஜம்மென்று ஏறியது. அடுத்து வலது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். மனைவி சாய்த்தாள்.

போனுக்குள் டாக்டரம்மா கண்ணைச் சுருக்கினார்.

"அக்கா, உங்க வீட்டுக் காலண்டர் ஏன் சாஞ்சு தொங்குது?"

"பரளச்சிப் பக்கம் காத்து ஜாஸ்தி டாக்டர்."

"சரி. வாசல் நிலையுமா காத்துல சாயுது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் பாக்குறது உங்க கைக்கும் உடம்புக்கும் நடுவுல எவ்வளவு விரியுதுன்னு. அக்கா போனத் தலகீழாப் பிடிச்சாலும் அது மாறாது."

ஒரு வாரத் திட்டம் அந்த ஒரு வார்த்தையில் பஞ்சர். அத்தோடு லெட்டரும் போயிற்று என்று நினைத்தேன். அவர் விடவில்லை. ஸ்டியரிங் மாதிரி வட்டமாக ஏதாவது இருக்கிறதா என்றார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை மனைவி எடுத்துவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நன்றாக நீட்டி அதைப் பிடித்தேன்.

"வலது பக்கம் ஒடிங்க." ஒடித்தேன். "இப்ப இடது பக்கம்." வலது கை மேலே ஏறி வர வேண்டிய திருப்பம் இதுதான். மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருச்சுழிக்குள் நுழைவது போல ஒடித்தேன். வலி கண்ணில் நின்றது, முகத்தில் காட்டவில்லை.

"பரவால்லையே, வருதே" என்று அவர் பேனாவை எடுத்தார். இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தால் லெட்டர்.

"ஏங்க, குறுக்க ஆடு!"

போனுக்குப் பின்னாலிருந்து மனைவி கத்தினாள். இருபது வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை, சடக்கென்று இடதுபக்கம் ஒடித்தேன். வலது கை தோள் உயரத்தில் நின்றுகொண்டது. தாம்பாளம் கையை விட்டுத் தெறித்து, வாசல் வரை உருண்டுபோய், ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிக் கிணுகிணுத்துவிட்டு அடங்கியது.

என் மனசுக்குள் அந்த பஸ்ஸில் சந்தைக்குப் போகும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எழுதாதீங்கம்மா" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "ஆறு வாரம் சொவத்துல வெரல ஏத்துற பயிற்சிய விடாமச் செய்ங்க. திரும்பவும் கூப்பிடுறேன். நரம்பு தேறலாம், ஆனா இன்ன தேதின்னு சொல்ல மாட்டேன்."

மொதலாளிக்கு நானே போன் போட்டேன். இன்னும் ஆறு வாரம் ஆகும் என்றேன். "பாப்போம்" என்றார். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்பவர்களுக்கு நானும் அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன்.

கோபம் மனைவி மேல் திரும்பியது. "கூட நின்னு சாய்ச்சவளே நீதான். அப்பறம் எதுக்கு ஆட்ட விட்ட?"

"நான் விடலேன்னா வீரசோழன் ரோட்டுல ஆடு வராதாக்கும்?" தாம்பாளத்தை எடுத்து நெளிவைத் தடவினாள். "வாங்க, வெரல சொவத்துல வைங்க."

வைத்தேன். விரல்கள் எறும்பு மாதிரி ஊர்ந்து, காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டன. போனை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி, நான் சாய்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.