பதின்மூன்று சொல் வேஷம்

கமராவுக்கு முன்னால் நிற்பவனின் தொழில் பெரும்பாலும் காத்திருப்பது. நடிப்பு இடையில் கொஞ்சம் வரும்.

நான் கடைசியாக நடித்த அன்று, மெல்பேணில் அந்தச் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: இயக்குநர், அவருடைய உதவியாளர் இருவர், கமராக்காரர் மூவர், ஒலிக்காரர் ஒருவர், விளக்குக்காரர் நால்வர், உடுப்புக்காரி, முகப்பூச்சுக்காரி, கதாநாயகன், அவருக்கு மனைவியாக நடித்தவர், மேசைகளில் சாப்பிடுவதுபோல் இருந்த பதினொரு பேர், பரிமாறுகிறவனாக நான். மொத்தம் இருபத்தேழு. அந்த நாளுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒருவராக நின்று கால் கடுத்தவர்களுக்கு இது விளங்கும்.

தலைப்பாகை

யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருஷம் நாடகங்களில் பபூன் வேஷம் கட்டினேன். காட்சி மாறும் இடைவெளியில் வந்து சனத்தைச் சிரிக்க வைப்பது என் வேலை. மகளிடம் மெல்பேணுக்கு வந்தபிறகு, ஐந்து வருஷத்தில் முப்பத்துநான்கு படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வாய் திறக்காமல் நின்றிருக்கிறேன். துருக்கியர் ஒன்பது, எகிப்தியர் நான்கு, இந்திய மன்னரின் வேலைக்காரர் ஏழு, கப்பல்காரர் பதினொன்று, பிணம் மூன்று. யாழ்ப்பாணத்தான் ஒருமுறையும் இல்லை.

முதல் வேஷத்துக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். என் ஆயுளில் கட்டியதில்லை. கட்டில் விரிப்பை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் ஏழுமுறை கட்டிப் பார்த்தேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அதோட ரெயிலில போகாதேங்கோ. இஞ்சையும் நாலு தமிழர் இருக்கினம்."

பிணம்

சிட்னியில் ஒரு கடற்கரையில் மூன்று மணித்தியாலம் செத்துக் கிடந்தோம். பக்கத்தில் கிடந்தவர் ரெக்ஸ் என்ற வெள்ளைக்காரர். என்னிலும் நாலு வயது மூத்தவர். பாட்டு, கூத்து, வித்தை எல்லாம் கலந்து நடத்திய கொட்டகைகளில் தட்டுச் சுழற்றிப் பெயர் எடுத்தவராம். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் கொட்டகைகள் மூடிவிட்டன. மணல் மூக்கில் ஏற, கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "பதினெட்டுத் தட்டை ஒரே நேரத்தில் சுழற்றினவன் நான். இப்போது மூச்சை அடக்கத் தெரிந்தால் போதுமாம்."

பத்துக்கு மேல்

எங்களுக்கு வேலை பிடித்துத் தருகிறவர் மிஸிஸ் ஹார்ட்டி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் இருக்கச் சொன்னால் நல்ல செய்தி இராது. அறுபது தாண்டிய துணை ஆட்களின் பெயர்களை வருஷ முடிவில் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். ஒரு படத்திலாவது திரையில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசியிருந்தால் நடிகர் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு வயதெல்லை இல்லை. ரெக்ஸ் எப்போதோ ஒரு படத்தில் குதிரை விற்றுப் பன்னிரண்டு சொல் பேசித் தப்பிவிட்டார். எனக்கு வயது அறுபத்தொன்று, பேசியது பூச்சியம்.

அம்மா, பேசுகிற வேஷம் ஒன்று தேடித் தாருங்கள் என்று கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் குரல் எழும்பவில்லை. அவர் திருப்பிக் கேட்டார்: "இந்தக் குரலிலா பேசப் போகிறீர்கள்?"

மீன்

ஆனாலும் தேடித் தந்தார். நான் சொல்ல வேண்டியது இதுதான்: "சமையற்காரர் எங்களை விட்டுப் போய்விட்டார், ஐயா. இன்றைக்கு நீங்கள் பயமில்லாமல் மீன் சாப்பிடலாம்." ஆங்கிலத்தில் முதல் வரி ஆறு சொல், இரண்டாவது ஏழு. ஆக மொத்தம் பதின்மூன்று. இரண்டு கிழமை வீட்டில் அதையே சொல்லித் திரிந்தேன்.

பபூனுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. முதல் வரியைச் சொன்னதும் நிற்க வேண்டும். சனம் சிரித்து அடங்கியபிறகுதான் அடுத்த வரி. இல்லாவிட்டால் வசனம் சிரிப்பில் அடிபட்டுப்போகும். அன்று சமையற்காரரை அனுப்பிவிட்டு நின்றேன். மனத்துக்குள் நாலுவரை எண்ணினேன். கமரா ஓடும்போது யாரும் சிரிக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை. அறை முழுக்க மூச்சுச் சத்தமும் இல்லை. பிறகு மீனைச் சொன்னேன். இயக்குநர் நல்லது என்று சொல்லி அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

மூன்றாம் மேசையில் வெறும் கோப்பையிலிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்த ரெக்ஸ் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "சிரிப்புக்காக நின்றாய். நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்."

திரையில்

படம் வந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வந்தேன், சமையற்காரர் போய்விட்டார் என்றேன். கொட்டகையில் சனம் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கமுன்னே கதாநாயகனின் முகம் வந்தது, பிறகு கார், பிறகு மழை. மனைவி இருட்டில் என் பக்கம் திரும்பினாள். "மீனெங்கை? அதைத்தானே நீங்கள் குளிக்கேக்கையும் சொன்னனீங்கள்."

மறுநாள் மிஸிஸ் ஹார்ட்டி கதிரையைக் காட்டினார். பெயர்ப் பட்டியல் மேசையில் இருந்தது. என் பெயருக்குமேல் கோடு விழுந்திருந்தது. அவரும் எண்ணிப் பார்த்திருக்கிறார். "நடுவில் பெரிய இடைவெளி விட்டீர்களாம். வெட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் படம் தொகுப்பவர்களுக்குக் கிடைக்காது."

சிரிப்புக்கு இடம் விட்டுப் பழகிய ஒருவன் கத்தரிக்கோலுக்கும் இடம் விட்டதில், பதின்மூன்று சொல்லில் எனக்கு மிஞ்சியது ஆறு.