இரண்டு கேமராவும் அம்மா எடுத்த புடவையும்

எங்கள் வீட்டில் இரண்டு பழைய கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று என் கணவருடையது, பத்து மெகாபிக்சல். மற்றது அவர் தம்பியுடையது, பதினெட்டு. இரண்டுமே யாரோ ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் விற்ற பிறகு ஆரணிக்கு வந்து சேர்ந்தவை. புதிதாக இருந்த காலத்திலேயே கற்றுக்குட்டிகளுக்கென்று விலை குறைத்துச் செய்த மாடல்கள். இப்போது கையில் இருக்கிற செல்போனே இரண்டையும் ஓரங்கட்டிவிடும். இதை அண்ணன் தம்பி இருவரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அன்று முழுக்க இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை.

கணவருடையது வீடியோ எடுக்காது. பின்பக்கத் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிச்சம் குறைந்துவிட்டால் படம் முழுக்க ரவை தூவியதுபோல் புள்ளி விழும். லென்ஸிலும் ஏதோ கோளாறு. முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால், ஒரு முழம் முன்னால் போய் நின்றுகொள்ளும். ஆனால் நிறத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரக்குப் புடவை அரக்காகவே வரும். கொழுந்தனாரின் கேமரா நேர் எதிர். கண் இமையை எண்ணிவிடலாம், ஆனால் அரக்கு தக்காளியாகிவிடும். அவர் வாட்ஸ்அப்பில் பட்டுப்புடவை விற்கிறவர். படத்தில் பார்த்த நிறம் வேறு, பார்சலில் வந்த நிறம் வேறு என்று யாராவது திருப்பி அனுப்பினால், அன்றைக்கு என் கணவருக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கும்.

"கலரே வராத கேமராவ வெச்சிகினு இன்னாடா யாபாரம் பண்ற?" என்பார்.

"உன்னுதுல ஆளே தெரியலியேண்ணா. கலர் மட்டும் வந்து இன்னா பிரயோஜனம்?" என்பார் தம்பி.

இந்தப் பேஜார் எங்கள் வீட்டில் தினமும் உண்டு. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு நாள் வரும் என்று நினைத்ததும் இல்லை.

எங்களுடையது காதல் கல்யாணம். அவர்கள் பரம்பரையாகத் தறி போடுகிற குடும்பம். எங்கள் வீடு கலசப்பாக்கம் பக்கம். அடுத்தவர் நிலத்தில் களை பறித்துத்தான் அம்மா என்னை டிகிரி படிக்கவைத்தாள். ஆரணிக்கு வேலைக்கு வந்த இடத்தில் இவரைப் பார்த்தேன். ஊர் வேறு, தெரு வேறு, ஆட்கள் வேறு என்று ஆரம்பத்தில் இந்த வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. பிள்ளை பிறந்த பிறகுதான் அடங்கியது. பிள்ளைக்குப் படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானபோது மாமியாரே வாய்விட்டுச் சொன்னார்.

"உங்கம்மாவ வரிசத் தட்டோட வரச் சொல்லும்மா. தாய் வீட்டு சீர் இல்லாம காது குத்தறதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா முதல்முறையாக இந்த வீட்டின் சம்பந்தியாக எல்லோர் முன்னாலும் நிற்கப்போகிறாள். எந்த விஷயத்திலும் அவள் தலை குனிந்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போனில் படித்துப் படித்துச் சொன்னேன். பழம் வை, வெற்றிலை வை, பிள்ளைக்குத் துணி எடு, சம்பந்திக்கு மட்டும் புடவை எடுக்காதே. பட்டு நெய்கிற வீட்டுக்கு யாராவது புடவை எடுத்துக்கொண்டு வருவார்களா என்று கத்தியும் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு நேராகப் பக்கத்து டவுன் சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறிப் போய், நூறு நாள் வேலையில் சேர்த்ததைக் கொடுத்து, அரக்கில் பச்சைக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்துவிட்டாள். அசல் பட்டு என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அம்மா நம்பியிருக்கிறாள்.

கோயிலில் தட்டை நீட்டினாள். மாமியார் வாங்கிக்கொண்டார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தானையை ஒரு தடவை நெருடின. அந்த நெருடலை எனக்குத் தெரியும். துணி என்று ஒன்று கைக்கு வந்தால் இந்த வீட்டில் எல்லோருடைய விரலும் அப்படித்தான் போகும். மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குது சம்பந்தி. இப்பவே கட்டிக்கறேன்."

சொன்னபடி பக்கத்து அறைக்குப் போய்க் கட்டிக்கொண்டும் வந்துவிட்டார். என் கணவரும் பார்த்தார். அது பட்டு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியே போயிருக்க வேண்டியது.

காது குத்தி முடிந்ததும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளையை நடுவில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் அம்மா. பின்னால் நான், என் கல்யாணப் பட்டில். எங்களுக்கு முன்னால் வரிசைத் தட்டு. அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, ஆளுக்கொரு ஃபிளாஷ் அடித்து ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். யார் படம் ஜெயிக்கிறது என்று வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று அங்கேயே சவாலும் விட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. அம்மாவை மாமியார் ஊருக்கு விடவில்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பிடித்துவைத்திருந்தார். சோபாவில் உட்காரச் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். டிவிக்கு எதிரே தரையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தனார் இரண்டு கேமராவின் படங்களையும் ஒரே பென்டிரைவில் ஏற்றி டிவியில் சொருகினார்.

முதலில் கணவர் எடுத்தது வந்தது. தட்டில் இருந்த வெற்றிலையின் காம்பு அவ்வளவு தெளிவு. அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் லேசாகக் கலங்கியிருந்தோம். ஆனால் நிறம் என்றால் நிறம்.

"அரக்க பாரு. நேர்ல பாக்கற மாதிரியே கீது பாரு" என்றார் கணவர்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய டிவியில் அவள் எடுத்த புடவை. "சம்பந்திக்கு எடுப்பா இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது தம்பி எடுத்த படம். "கலர வுடு. இப்ப பாரு" என்று ரிமோட்டை அழுத்திப் பெரிதாக்கினார். பிள்ளையின் கண், மாமியாரின் மூக்குத்தி என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. பிறகு படம் தோளுக்கு இறங்கியது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் வாடிக்கையாளருக்கு ஜரிகையைப் பெரிதாக்கிக் காட்டுகிற கை அது, தானாக முந்தானையில் போய் நின்றது.

"ஜரிகைய பாருண்ணா! பிளாஸ்டிக்குன்னு இங்கேர்ந்தே தெரியுது. ஃபிளாஷ் பட்ட எடம்லாம் வெள்ளையா அடிக்குது பாரு, பாலியஸ்டர். பின்னாடி அண்ணியோட பட்டு எப்டி கீது, இது எப்டி கீது! உன்னுதுல இது தெரியுமா?"

அவர் மனதில் விகல்பம் துளியும் கிடையாது. கேமராவைப் பற்றித்தான் பேசினார். சொல்லி முடித்த பிறகுதான் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. ரிமோட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. டிவி முழுக்க அம்மா எடுத்த முந்தானை.

அம்மா டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கம்மா ஆசையாக எடுத்தது, எதுவாக இருந்தால் உங்களுக்கென்ன என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். சத்தம் போடத் தெரியாதவள் இல்லை நான்.

"அது எங்கம்மா எடுத்தது இல்ல" என்றேன். "அவங்க எடுத்தது பீரோல இருக்குது. இது வேற யாரோ வெச்சிக் குடுத்தது."

அந்த அறையில் இருந்த எல்லோரும் அம்மா அந்தப் புடவையை நீட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள். பென்டிரைவில் தேடினால் அதற்கும் படம் இருந்திருக்கும், இரண்டு கேமராவிலும். என் காது சுட்டது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இல்லை. அந்த நிமிஷத்தில் பாலியஸ்டர் புடவை எடுத்துக்கொண்டு வந்தவளின் மகளாக இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அம்மா மெல்லத் தலையாட்டினாள். "ஆமாங்க, நான் எடுத்தது இது இல்ல" என்றாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"ரிமோட்ட இப்டி குட்றா" என்று மாமியார் மகனிடமிருந்து பிடுங்கி டிவியை அணைத்தார். கொழுந்தனார் "சாரி அண்ணி" என்று முனகிவிட்டு எழுந்து வெளியே போனார். சாரி சொல்லவேண்டியது என்னிடம் இல்லை, அம்மாவிடம் என்று அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் கணவரிடம் கேட்டாள். "ஊர்ல மாட்டறதுக்கு ஒரு படம் குடுங்க மாப்ள. உங்க கேமராவுல எடுத்ததே குடுங்க. அதுல எல்லாரும் நல்லா இருக்கறோம்."

தன் கேமராவுக்கு ஒரு ஓட்டு விழாதா என்று இத்தனை வருஷம் ஏங்கிய மனிதர் அவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், அந்தக் கலங்கலான படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேமும் செய்துகொண்டு வந்தார். அம்மா அதைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். புடவையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு போனிலும் பேசவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். படம் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தவர், படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"உன் மாமியா கட்டிகினுகிற பொடவ இன்னா கலருடி! பெரிம்மா, நீ எடுத்துக் குடுத்ததா?"

அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். "நான் எங்க எடுக்கறது? அது அவங்க வீட்டுத் தறியிலயே போட்டது. அசல் பட்டு" என்றாள்.

அங்கே ஜரிகையை நெருடிப் பார்க்கிற விரல் ஒன்றுகூட இல்லை. எங்கம்மா எடுத்ததுதான் அக்கா என்று நான் சொல்லியிருந்தால், அந்தத் தெருவே அம்மாவை ஒரு வாரம் மெச்சியிருக்கும். அம்மா என்னைப் பார்க்கவில்லை. டீ ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்டியாடி?"

"ஆமாக்கா" என்றேன்.