அடிமரத்துக் கப்பி

எனக்கு முதன்முதலாகக் கிடைத்த உத்தியோகம் தூது போவது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவரும் ஒரே இடத்தில் நின்றால், ஒருவர் சொல்வதை மற்றவரிடம் நான்தான் சேர்க்க வேண்டும். இருவருக்குமே காது நன்றாகக் கேட்கும் என்பதை நானும் கவனித்திருந்தேன். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொன்ன பிறகுதான் பதில் வரும். எனக்கு அதில் பெருமை தாங்காது.

சண்டைக்குக் காரணமும் நான்தான். இருக்கன்குடி கோயிலில் எனக்குக் காது குத்திய அன்று மாமா வந்த லோடு லாரி வழியில் நின்றுவிட்டது. நேரம் போகிறதென்று அப்பா என்னைத் தன் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது என் காதில் கம்மல் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அந்த வருஷ மழையில் எங்கள் வீட்டு வேம்பின் பெரிய கிளை ஒன்று விரிசல் விட்டு, நாங்கள் படுக்கும் அறையின் சிமெண்ட் சீட்டுக்கு மேலே சாய்ந்து நின்றது. இன்னொரு காற்றுக்குத் தாங்காது. மரம் வெட்ட ஆள் யாரும் அகப்படவில்லை என்றாள் அம்மா. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்ததால் திருத்தங்கல்லில் மாமா சும்மா இருந்தார். லாரியில் பட்டாசு லோடு ஏற்றிக் கட்டுகிறவர். அம்மா சொல்லியனுப்ப, கனத்த கயிறும் இரண்டு இரும்புக் கப்பிகளுமாக பைக்கில் வந்து இறங்கினார். அப்பா என் பக்கம் திரும்பி, "வந்தவுகளுக்குத் தண்ணி குடு" என்றார்.

அறுத்த கிளை கூரையில் விழாமல் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். ஒரு கப்பியை மாமா மரத்தில் ஏறி மேல் கவட்டில் கட்டினார். இன்னொன்று அடிமரத்துக்கு. கிளையில் கட்டிய கயிறு மேல் கப்பி வழியாக வந்து, கீழ்க் கப்பியில் திரும்பி, தள்ளி நிற்கும் அப்பாவின் கைக்குப் போகும். கீழ்க் கட்டு தளர்ந்தால் கப்பி மரத்தோடு வழுக்கி மேலேறும். கிளை கூரையைப் பிளக்கும், அல்லது ஊசலாடி மேலே இருக்கிறவரை அடிக்கும். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது, நமக்கு இன்று வேலை அதிகம் என்பதுதான்.

அடிமரக் கட்டை அப்பா போட்டார். மாமா மேலிருந்து எட்டிப் பார்த்து, "தாயி, கட்டு கணுவுக்குக் கீள இருக்கணும்னு உங்கப்பாட்ட சொல்லு" என்றார். சொன்னேன். கயிறு மரத்தைச் சுற்றி வந்து தன்மேலேயே முறுக்கிக்கொள்ள வேண்டுமாம், அப்போதுதான் இழுக்க இழுக்க இறுகுமாம். அப்பா போட்டிருப்பது மாடு கட்டுகிற முடிச்சாம். அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அப்பாவின் முகம் கறுத்தது. "எனக்குக் கட்டத் தெரியும்னு சொல்லு."

மாமா ரம்பத்தை எடுத்துக் கிளையில் வைத்தார்.

அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னாள். இது என்ன அநியாயம்? நான் போய்விட்டால் இவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டேன்.

"அவுக பாத்துக்கிடுவாக. நீ ஓடு."

காரியம் கெட்டுவிடுமே என்று மூச்சு வாங்க ஓடித் திரும்பினேன். மாமா கீழே இறங்கியிருந்தார். அப்பா மரத்தடியில் குத்தவைத்து முறுக்கை அழுத்திப் பிடிக்க, மாமா அடிமரத்தில் பாதத்தை முட்டுக்கொடுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுத்து போட்டுருவமா மாப்ளே?" என்றார் அப்பா.

"போடுங்க மச்சான். இத நம்பித்தான மேல உக்காரணும்."

என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மறுபடி ஏறி அறுக்க, கிளை முறிந்து தொங்கியது. கயிறு விறைத்தது. கப்பி அசையவில்லை. மாமா நேராக அப்பாவிடமே பைய விடச் சொன்னார், அப்பாவும் அவரிடமே பதில் சொன்னார். சீட்டில் ஓர் இலைகூட உரசாமல் கிளை தரைக்கு வந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா இறங்கி வந்து என்னை மடியில் தூக்கி வைத்தார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. கம்மலை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்போதோ ஆறிப்போன காதில் ஊதிவிட்டார்.

பழங்களை வைக்க அடுக்களைக்குப் போனேன். செம்பு நிறைய எலுமிச்சைச் சாறு ஏற்கெனவே கலந்து மூடிவைத்திருந்தது. பிழிந்த தோல்கள் ஓரமாகக் காய்ந்து கிடந்தன. அம்மாவுக்குச் சரியான மறதி என்று நினைத்துக்கொண்டேன். நெடுநாள் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.