மெமரியில் அடங்காத ஒப்பாரி

எர்மெக்கின் வேலை, எதையும் மறக்காத ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது. அவனோ சொந்தப் பிறந்தநாளையே மறப்பவன். பிஷ்கெக் நகரில் பாட்டுக் காப்பகம் ஒன்றில் இருந்தான். ஒவ்வொரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் மென்பொருள் வைத்திருக்கும். ஆனால் கேட்டால், முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றித்தான் எடுத்துத் தரும். கோப்பு பெரிதென்றால் திணறிச் செத்துவிடும்.

அப்படி வெளியே வராமல் கிடந்தது அவன் அம்மா கனிஷாயின் குரல். மலையூரான நாரினில் அவன் அண்ணன் இறந்த அன்று, கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் வைத்த ஒப்பாரியைக் காப்பகத்தார் படம்பிடித்தார்கள். எங்கள் பக்கம் ஒப்பாரியை யாரும் இடையில் நிறுத்தச் சொல்வதில்லை, கேமராவையும் நிறுத்தவில்லை. பகல் முழுக்க ஒரே கோப்பு. அதை மென்பொருளுக்குள் ஏற்றிய பெரிய இரவல் கணினி திரும்பிப் போயிற்று. கேமரா அட்டையை ஒரு கல்யாணத்தைப் படம்பிடிக்க அழித்துவிட்டார்கள்.

பனி மூடிய கணவாயில் மாட்டிக்கொண்ட எர்மெக், அடக்கம் முடிந்துதான் போய்ச் சேர்ந்தான். பிறகு அம்மா அவனிடம் அதிகம் பேசவில்லை. சென்ற ஆண்டு அவளும் போய்விட்டாள். அன்று ஒப்பாரியில் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வசந்தப் பண்டிகையான நோரூஸ் முடிந்ததும் காப்பகம் புதுக் கணினிக்கு மாறுகிறது. வெளியே வராத கோப்பு குப்பைக்கு என்றாள் தலைவி அய்சுலு.

"அப்பவே துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கலாம்ல?"

"ஒப்பாரிய வெட்டுவாங்களா அக்கா?"

"சரி, பெரிய மெஷின் மட்டும் கேக்காத. டீத்தூளுக்கே கையேந்திட்டிருக்கோம்."

கேட்கவில்லை. மென்பொருளுக்குள்ளேயே கைவைத்தான். முழுதாகத் தூக்காதே, ஒரு கவளம் எடு, விரி, வன்வட்டில் எழுது, மறந்துவிடு, அடுத்ததை எடு. முதல் தடவை கடைசியில் செத்தது: எழுதியது சரியா என்று பார்க்கும் பகுதி, எல்லாவற்றையும் மறுபடி மொத்தமாக ஏற்றியது. எழுதும்போதே கவளம் கவளமாகச் சரிபார்க்க வைத்தான்.

"என்னடா, மெமரி ஏறவே இல்ல? ஓடுதா, தூங்குதா?"

"ஓடுது அக்கா."

வெட்டக் கூடாத ஒப்பாரி ஆயிரம் ஆயிரம் துண்டாகிப் போய், ஒரு தையல்கூடத் தெரியாமல் முழுதாக வந்தது.

அம்மா மூத்தவனின் குதிரையைப் பாடினாள், தோளைப் பாடினாள். உடலைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். ஒப்பாரி நின்றது, நிறுத்தியவள் அவளேதான்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. சின்னவன் வந்துட்டிருக்கான். அண்ணன் மூஞ்சியப் பாக்காட்டி தாங்கமாட்டான்."

"வழி மூடிக் கெடக்கு, பெரியம்மா."

"வந்துருவான்."

பொறுத்தார்கள். அதன்பின் வெகுநேரம் காற்றுச் சத்தம் மட்டும். கோப்பின் பாதிக்கு மேல் அதுதான்.

அய்சுலு மெதுவாகக் கேட்டாள்: "யாரும் பேசாத இடத்த எடுத்துரலாமா? ரொம்ப இடம் மிச்சமாகும்."

"வேணாம் அக்கா," என்றான் எர்மெக். "இருக்கட்டும்."