மார்கழி மப்ளர்

யுத்தத்துக்கு முந்திய ஒரு வருஷம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பொட்டு மழை இல்லை. மார்கழி பிறந்தும் மதுரையில் சித்திரை வெயில் காய்ந்தது. வைகை வெறும் மணலாகக் கிடந்தது. காற்றடித்தால் அந்த மணல் சிம்மக்கல்லில் இருந்த எங்கள் ஆபீஸ் மேஜைக்கே வந்துவிடும்.

எங்கள் ஹெட் கிளார்க்குக்கு வெயில் கணக்கில்லை, மாதம்தான் கணக்கு. மார்கழி என்றால் பனி. ஆகவே கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுக்கிற ஆளை நிறுத்திவிட்டார். ஜன்னல்களையும் சாத்தச் சொன்னார். காதை மூடிக் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு என் எதிரே உட்காருவார். தலையில் தேய்த்த விளக்கெண்ணெயும் வியர்வையும் ஊறிய அந்தக் கம்பளி, நனைந்த ஆடு மாதிரி நாறும். தாடையில் சொட்டுவதை அதன் நுனியாலேயே துடைத்துக்கொள்வார். எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

"புழுங்குது சார். ஒரு ஜன்னலையாவது தொறக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மார்கழிப் பனி மண்டையில எறங்குனா தெரியும் தம்பி" என்றார்.

வியர்வை ஈரத்திலேயே கிடந்தவருக்கு ஒரே வாரத்தில் சளி பிடித்தது. மப்ளர் நுனியில் மூக்கைச் சிந்திவிட்டு, கேஸில் ஜெயித்தவர் போல என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? இம்புட்டு மூடியும் பனி உள்ள பூந்துருச்சு."

மறுநாள் ஆபீஸில் என்னைத் தவிர எல்லார் தலையிலும் மப்ளர். அவர் இன்னும் தடியாகப் புதிது ஒன்று கட்டிக்கொண்டு வந்திருந்தார். பழையது என் மேஜைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கூச்சப்படாதே தம்பி, கட்டிக்க" என்றார்.